நிச்சயம்தானா என்று கேட்கிற திரை

பிலார்,
வியாழக்கிழமை

அன்புள்ள எலாடியோ அண்ணனுக்கு நிமியா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். ஆறு இன்னும் ஏறவில்லை, கவலைப்படாதே.

தேயோலிந்தா அத்தை மவுஸைத் தொடுவதற்கு முன் விரல்களைப் பாவாடையில் துடைத்துக்கொண்டார். முதலில் என் கண்ணில் பட்டது அதுதான். சந்தையில் சிபா ரொட்டி விற்கிறாரே, அவர்தான். கணினியைத் தொட்டதே இல்லை. புதிதாக வருபவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துச் சொல்லச் சொன்னாயே, அதனால் நூலகத்தில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

நீ உருவாக்கிய புதிய இயங்குதளம் அவருக்குப் பிடித்துவிட்டது. திரையில் நாலே படங்கள் இருப்பதைப் பார்த்து, "என் கூடைய விட இதுல சாமான் கம்மி" என்றார். புவெனஸ் ஐரிஸில் இருக்கும் மகளுக்குத் தானே எழுதினார். சண்டை போட்டுக்கொண்டு போனவள், குழந்தையோடு திரும்பி வரலாமா என்று கேட்டிருக்கிறாள். வா என்று எழுதியாயிற்று. 'அனுப்பு' என்பதை அழுத்தியதும் திரை, "நிச்சயம்தானா?" என்று கேட்டது. அத்தை கையை எடுத்துவிட்டார்.

"நான் அவள வெரட்டினத இதுக்கு யாரு சொன்னா?"

மறுநாளும் அதே இடத்தில் எழுந்து போய்விட்டார். அங்கே மகள் பதிலுக்குக் காத்திருந்தாள்.

ஏன் பள்ளியை விட்டாய் என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறாய். வகுப்பில் நான் எப்போதாவது வாயைத் திறந்தால் ஆசிரியையும் "நிச்சயம்தானா?" என்றுதான் கேட்பார். சரியாகச் சொன்னாலும் கேட்பார், மற்றவர்கள் சிரிப்பார்கள். முதலில் பதில் சொல்வதை விட்டேன்; ஊமை என்றார்கள். பிறகு போவதையும்.

நாலு பேர் சேர்ந்து ஒரே குவளையில் தெரெரே குடிக்க உட்கார்ந்தால் குவளையை நீட்டுபவர் நிச்சயமா என்று கேட்பதில்லை, அண்ணா. நீட்டுவார். போதுமென்றால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுக்கலாம். அதுபோல, அனுப்பியதைக் கொஞ்ச நேரத்துக்குள் திரும்ப எடுத்துக்கொள்ள ஒரு வழி வை. அந்தக் கேள்வியை எடுத்துவிடு. அசுன்சியோனில் உன் கூட்டாளிகள் சிரித்தாலும் சொல்லிப் பார்.

நேற்று அந்தக் கேள்வி வரும் இடத்தில் ஒரு காகிதத் துண்டை ஒட்டிவைத்தேன். 'ஆம்', 'வேண்டாம்' இரண்டும் மட்டும் தெரிந்தன. அத்தை பார்த்துவிட்டு, "அது வாய அடச்சிட்டியா? ஒன்ன ஊமைன்னு சொன்னவங்கள இங்க கூட்டிட்டு வாடி" என்றார். பிறகு விரலைத் துடைக்காமலே 'ஆம்' அழுத்தினார். இன்று காலை பதில் வந்திருந்தது. அவர் படிக்கும்போது நான் வெளியே போய்விட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. அம்மா ஆசி சொல்லச் சொன்னார். இதையும் அதே கணினியில்தான் எழுதினேன். அனுப்பும்போது என்னையும் கேட்கும். கேட்கட்டும்.

காகிதத்தை உரித்துவிட்டேன்.

உன் தங்கை,
நிமியா