சர்வீஸ் புக்கில் உங்கள் வயது

இன்று காலை உங்கள் ஃபைலைத் திறந்தேன். பழுப்பு அட்டை, சிவப்பு நாடா. நீங்கள் உள்ளே போட்டுவைத்த பாச்சை உருண்டை கரைந்து காணாமல் போய்விட்டது, வாசனை மட்டும் அப்படியே இருக்கிறது. நீங்கள் போன பிறகு நான் அதைத் தொட்டதே இல்லை. எல்லாம் இங்கிலீஷ் காகிதம், எனக்கு அதில் என்ன வேலை? வீடு மாறும்போதெல்லாம் டிரங்குப் பெட்டியோடு டெம்போவில் ஏற்றி இறக்குவேன், அதோடு சரி. இப்போது இருப்பது நான்காவது வாடகை வீடு. தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம் வருகிறது.

திறக்க வைத்தது பேங்க்தான். நவம்பர் வந்தால், பென்ஷனுக்காக, நான் உயிரோடு இருக்கிறேன் என்று அங்கே போய்க் காட்டவேண்டும். மறுபடி கல்யாணம் செய்யவில்லை என்றும் எழுதிக் கொடுக்கவேண்டும். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு நான் எங்கே போய் மாப்பிள்ளை தேட? வழக்கமாகக் கையெழுத்தோடு முடிந்துவிடும். இந்த வருஷம் கவுண்டரில் இருக்கிற மராட்டிப் பெண், பழைய லெட்ஜரை மாற்றுகிறோம் ஆன்ட்டி என்று ஒரு புது அட்டையைக் கொடுத்தாள். அதில் உங்கள் பிறந்த தேதியைக் கேட்டிருந்தது. எதை எழுத? உங்களுக்குத்தான் இரண்டு உண்டே.

யுத்த காலத்தில் உங்கள் சித்தப்பா உங்களைத் திருநெல்வேலியிலிருந்து ரயிலேற்றித் தேஹு ரோட்டுக்குக் கூட்டிவந்தார். அங்கே ராணுவ டிப்போவில் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். உங்களுக்குப் பதினைந்து வயது, மீசை கூட வரவில்லை. பதினெட்டு நிறைந்தால்தான் வேலை. சித்தப்பா கேட்டில் நின்ற துரையிடம் பதினெட்டு என்று சொல்லிவிட்டார். அவனும் ஆளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டான். அன்றைக்கு அவன் சர்வீஸ் புக்கில் எழுதின தேதிதான் கடைசிவரை உங்களோடு வந்தது. கல்யாணமான புதிதில் இதை நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். "எனக்கு மூணு வயசு ஓசியில கெடச்சுது" என்பீர்கள். நானும் சிரித்தேன்.

அது ஓசி இல்லை என்று தெரிய முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. உங்களோடு சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராக ரிட்டயராகத் தொடங்கியபோதுதான் நீங்கள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தீர்கள். நிஜ வயதுப்படி போனால் மகள் காலேஜை முடித்த பிறகு ஓய்வு. புக்கின்படி போனால் அவள் காலேஜில் கால் வைக்கும்போதே சம்பளம் நின்றுவிடும், குவார்ட்டர்ஸையும் காலி செய்யவேண்டும். ஊருக்கு எழுதி நம் கோயிலிலிருந்து ஞானஸ்நான சர்டிபிகேட்டை வரவழைத்தீர்கள். குருவானவர் கையெழுத்து, முத்திரை எல்லாம் சுத்தமாக இருந்தது. அதை வைத்து மனுப் போட்டீர்கள். "ஆண்டவர் சன்னதியில எழுதின தேதி. இதை யாரு இல்லன்னு சொல்ல முடியும்?" என்று கேட்டீர்கள். மேல் அலுவலகத்தில் இருப்பவர்களும் ஆண்டவரும் ஒரே ரெஜிஸ்டரைப் பார்க்கிறார்கள் என்று நினைத்தீர்கள் போலும்.

அந்த நேரத்தில்தான் பால் கொண்டுவரும் பாட்டீல் தன் நிலத்தைத் துண்டு போட்டு விற்றார். ஸ்டேஷனிலிருந்து தளேகாவ் போகும் பக்கம், தண்டவாளத்தை ஒட்டினாற்போல் ஒரு மனை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து இருவரும் போய்ப் பார்த்தோம். நான் செருப்பைக் கழற்றிப் புல்லில் வைத்து, இது அடுக்களை என்றேன். நீங்கள் நாலு எட்டு தள்ளிப்போய் நின்று, "அப்ப நான் இங்க பேப்பர் படிப்பேன்" என்றீர்கள். பாட்டீல் தீபாவளியிலிருந்து ஹோலி வரைக்கும் நமக்காக வைத்திருப்பதாகச் சொன்னார். கையில் பணமில்லை. ஆனால் உங்கள் பி.எஃப். சேமநிதியிலிருந்து எடுக்க வழி இருந்தது. ஒரு ஃபாரம்தான் வேண்டும்.

அந்த ஃபாரத்தில் ஒரு கட்டம், ஓய்வு பெறும் நாள் என்று. அந்தக் கட்டத்தில் நீங்கள் நின்றுவிட்டீர்கள்.

உங்கள் ஹெட் கிளார்க் வீட்டுக்கே வந்து சொன்னார், டீயை ஆற்றிக்கொண்டே. "பெஹலே ஜாகா லேலோ அண்ணா, லடாய் பாத் மே." முதலில் மனையை வாங்கு, சண்டையைப் பிறகு வைத்துக்கொள் என்று. எனக்கு அது எவ்வளவு நியாயமாகப் பட்டது தெரியுமா? கிடைக்கிற தேதியை வைத்துத் திட்டம் போடுவோம், மூன்று வருஷம் கூடக் கிடைத்தால் லாபம் என்று எத்தனை முறை சொன்னேன். நீங்கள் பேனாவை மூடி வைத்துவிட்டீர்கள்.

"அந்தத் தேதிய என் கையால எழுதச் சொல்லுதியா? எழுதிட்டா, நீயே ஒத்துக்கிட்டியே, பொறவு என்ன மனுன்னு கேப்பான்."

"ஒரு பாரத்தப் போயி யாரு பாக்கப் போறா? பொட்டியில கெடக்கும். தங்குதுக்கு நமக்கு ஒரு எடம் வேண்டாமா?"

"பொய்யில கையெழுத்துப் போட மாட்டேன்."

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். "அந்தப் பொய்தான உங்களுக்கு இத்தன வருசமா சோறு போட்டுது."

என் வாயில் சனி இருந்தது. உங்கள் முன்னால் தட்டு இருந்தது, ரசம் சாதம். அதை முழுக்கச் சாப்பிட்டு, தட்டையும் நீங்களே கழுவி வைத்தீர்கள். கோபித்துக்கொண்டு எழுந்துபோயிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் ஃபாரத்தைப் பூர்த்தி செய்து கொடுத்துவிட்டு வந்தீர்கள். "போட்டாச்சு" என்றீர்கள், அவ்வளவுதான். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அன்றைக்குப் பாயசம் வைத்தேன். அந்தப் பாயசத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ஃபாரம் மேஜை மேஜையாக நகர்ந்தது. ஹோலி வந்து போயிற்று. பாட்டீல் மேலும் ஒரு மாதம் பொறுத்தார், பிறகு அவர் மகளுக்குக் கல்யாணம் குதிர்ந்துவிட்டது. தளேகாவ் ஃபாக்டரிக்காரர் ஒருவர் மொத்தப் பணத்தையும் ஒரே நாளில் கொடுத்துவிட்டாராம். பாட்டீல் நம் வாசலில் நின்று, என்ன செய்வேன் அம்மா என்று என்னிடம் கையைப் பிசைந்தார். அன்றைய பாலுக்கு அவர் காசு வாங்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாரைத்தான் சொல்வது?

ஓய்வுக்கு ஒரு வருஷம் இருக்கும்போது உங்கள் மனுவுக்குப் பதில் வந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாகத் தமிழில் எனக்குச் சொன்னீர்கள். வேலையில் சேர்ந்த புதிதிலேயே கேட்டிருக்கவேண்டும், இத்தனை வருஷம் கழித்துப் பிறந்த தேதியைத் திருத்த விதியில் இடமில்லை என்று.

"அவ்வளவுதானா?" என்றேன்.

"அவ்வளவுதான்."

காகிதம் நீளமாக இருந்தது, நீங்கள் சொன்னது குட்டையாக இருந்தது. "இங்கிலீசுல வளவளன்னு எழுதுவாவ போல" என்றேன். நீங்கள் கூடச் சிரித்தீர்கள். பிறகு அதை மடித்து இந்த ஃபைலில் வைத்து நாடாவைக் கட்டினீர்கள்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் நீங்கள் அறிந்ததுதான். குவார்ட்டர்ஸைக் காலி செய்து கடைவீதியில் ஒன்றரை அறைக்கு வந்தோம். கிடைத்த பணம் மகள் படிப்புக்கும் வீட்டு டெபாசிட்டுக்கும் போயிற்று. வாடகை கட்டவேண்டுமே என்று நீங்கள் தளேகாவில் ஒரு ஃபாக்டரியில் டைம்கீப்பர் வேலைக்குப் போனீர்கள். தினமும் நம் மனையைத் தாண்டித்தான் அந்த ரயில் போகும். நீங்கள் எந்தப் பக்கத்து ஜன்னலில் உட்காருவீர்கள் என்று நான் கேட்டதே இல்லை. ஒரு நாள் ஸ்டேஷன் பெஞ்சில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. நியாயமாக நீங்கள் டிப்போவில் இன்னும் வேலையில் இருந்திருக்கவேண்டிய வயது அது.

கல்லறையில் உங்கள் நிஜத் தேதியைத்தான் வெட்டச் சொன்னேன். அதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

இன்று மகள் லீவு போட்டுவிட்டு அந்த அட்டையை நிரப்ப உட்கார்ந்தாள். தேதியைச் சரிபார்க்க, நான் திறந்து கொடுத்த ஃபைலை ஒவ்வொரு காகிதமாகப் படித்துக்கொண்டே வந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு, தமிழ்தான் தட்டித் தடுமாறும். அந்தப் பதில் கடிதம் கைக்கு வந்ததும் நான்தான், "அத எனக்கு அப்பா படிச்சுக் காமிச்சாவ, வை" என்றேன். அவள் வைக்கவில்லை.

"அம்மா, இதுல இன்னொண்ணு இருக்கே. அப்பா ஏதோ பி.எஃப். ஃபார்ம்ல அந்தத் தேதியையே போட்டு சைன் பண்ணிருக்காராம். அதனால அவரே அக்செப்ட் பண்ண மாதிரிதான், கேஸ் குளோஸ்னு போட்டிருக்கு. எந்த ஃபார்ம்மா அது?"

அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை அவள்தான் போய் இறக்கினாள்.

நீங்கள் சொன்னதுபோலவே நடந்திருக்கிறது. மனையும் போயிற்று, மனுவும் போயிற்று. என் பேச்சுக்காகப் போட்ட கையெழுத்து அது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நீங்கள் படிக்கையில் அந்த வரி வந்தபோது, உங்கள் குரல் துளிக்கூட மாறவில்லையே. உன்னால்தான் என்று ஒரு வார்த்தை சொல்ல, அதற்குப் பிறகு உங்களுக்கு எத்தனை நாள் இருந்தது? ஒன்றரை அறையில் குழாய்த் தண்ணீருக்கு நான் முணுமுணுத்தபோதாவது சொல்லியிருக்கலாமே. இப்போது யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பேன் நான்?

மகள் திரும்பி வந்து பேனாவை எடுத்தாள். அப்பா டேட் ஆஃப் பர்த் எதைப் போட என்றாள். சர்வீஸ் புக்கில் உள்ளதைப் போடு என்றேன். வேறு தேதி போட்டால் பென்ஷன் நின்றுவிடும், வாடகை யார் கொடுப்பது? நீங்கள் எழுதக் கூசின அந்தத் தேதிக்குக் கீழே நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன்.

"அந்த ஃபார்ம் எதுக்கும்மா?" என்று மறுபடியும் கேட்டாள்.

"உங்கப்பா எனக்கு ஒரு வீடு கட்டித் தரப் பாத்தாவ" என்றேன்.

மீதியை நான் அவளுக்குச் சொல்லவில்லை. கடிதத்தை நீங்கள் மடித்திருந்த மடிப்பிலேயே மடித்து உள்ளே வைத்து, நாடாவைக் கட்டிவிட்டேன்.