கூட்டத்துக்கு முன்பே எழுதிய மினிட்ஸ்

மார்ச் 3, செவ்வாய்

பன்னிரண்டாம் தேதி நடக்கப்போகும் போர்டு கூட்டத்தின் மினிட்ஸை, அதாவது நடவடிக்கைக் குறிப்பை, இன்று எழுதி முடித்தேன். கம்பெனி செக்ரட்டரியாக இங்கே பத்தொன்பது வருடம். கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்பது ஒன்பது நாள் முன்பே எனக்குத் தெரிந்துவிடும். ஜோசியர்களுக்குக்கூட இந்த வசதி இல்லை. ‘நீண்ட விவாதத்துக்குப் பின் ஏகமனதாக’ என்பதை இப்போதெல்லாம் நான் டைப் செய்வதே இல்லை. முதல் எழுத்தைத் தட்டினால் மீதியைக் கணினியே போட்டுக்கொள்கிறது.

நிகழ்ச்சி நிரலில் ஆறாவது பொருள்: நாங்கள் செய்து பொருத்திய பழைய மாடல் லிஃப்டுகளின் பிரேக். முந்நூற்றுச் சொச்சம் கட்டடங்கள். உடனே மாற்ற வேண்டும் என்று சர்வீஸ் மேனேஜர் பதினொரு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறார். தலைவர் என்னைக் கூப்பிட்டார். “அறிக்கையை யாருக்கும் அனுப்ப வேணாம்மா. ‘பரிசீலித்து, ஒரு வருடம் கண்காணிக்கத் தீர்மானிக்கப்பட்டது’ன்னு போட்டுடுங்க.”

போட்டுவிட்டேன். எதைக் கண்காணிப்பது? விழுகிறதா என்றா?

அக்கா வீடு ஏழாவது மாடி. அதே மாடல். “எங்க கம்பெனி லிஃப்ட்தான், தைரியமா வாங்கு” என்று அந்த வீட்டை வாங்க வைத்தவள் நான்.

மார்ச் 5, வியாழன்

அக்கா போன் செய்தாள். அத்தானைச் சக்கர நாற்காலியில் வைத்து பிசியோதெரபி பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறாளாம். வாரத்துக்கு இரண்டு நாள் போகிறார்கள்.

“இன்னைக்குப் போகாதக்கா. வெளிய பயங்கர வெயில்.”

“வெயிலா? மழை தூறுதுடி. கண்ணாடிய மாத்து.”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். போர்டு ரகசியம், வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தூ. கையெழுத்தாம். ஏழு மாடி கீழே விழுந்தால் அந்தக் கையெழுத்தா பிடிக்கும்?

மார்ச் 6, வெள்ளி

இயக்குநர்கள் ஏழு பேருக்கும் கூட்டத்துக்கான கோப்புகளை அனுப்பினேன். போன கூட்டத்தின் மினிட்ஸுக்குப் பதிலாக வரப்போகும் கூட்டத்தின் மினிட்ஸ் போய்விட்டது. மாலைதான் பார்த்தேன்.

கை தவறிவிட்டது. பத்தொன்பது வருடத்தில் முதல் முறை. கைதான் தவறியதா? தெரியவில்லை. திரும்ப வாங்கி மாற்றி அனுப்ப எனக்கு மூன்று நிமிடம் போதும். அனுப்பவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

நான்கு நாள் ஆகிவிட்டது. ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. படித்தால்தானே.

மார்ச் 12, வியாழன்

ஒருத்தர் படித்திருக்கிறார்.

போர்டில் வெளியாள் ஒருவர் வேண்டும் என்பதற்காக இரண்டு வருடம் முன்பு ஒரு ஓய்வுபெற்ற பொறியாளரைச் சேர்த்தார்கள். வாழ்நாளெல்லாம் பாலம் கட்டியவர். பாலம்மா என்பது எங்கள் ஆபீஸில் அவர் பெயர். வயதானவர், பெண், வீட்டு ஞாபகத்திலேயே இருப்பார் என்பது தலைவரின் கணக்கு.

உட்கார்ந்ததும் பாலம்மா கேட்டார்: “தம்பி, ஆறாவது பொருளை நான் மனதார ஆதரிச்சதா இதுல இருக்கு. இன்னும் நான் டீயே குடிக்கலையே.”

தலைவர் என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும். “அது டைப்பிங் மிஸ்டேக், மேடம்.”

“ஒன்பது பக்கமும் சேர்த்து ஒரே மிஸ்டேக்கா? சரி, சர்வீஸ் அறிக்கையை நான் பரிசீலிச்சிருக்கேனாம். அதைக் கொஞ்சம் காட்டுங்க. எதைப் பரிசீலிச்சேன்னு தெரிஞ்சுக்கறேன்.”

வேறு வழியில்லாமல் சர்வீஸ் மேனேஜரைக் கூப்பிட்டார்கள். அவருக்கு நாற்காலி போடவில்லை.

“பிரேக் பிடிக்குமா?”

“பிடிக்கும் மேடம். சில நேரம் பிடிக்காது.”

“எந்த நேரம்?”

“அது தெரிஞ்சா அறிக்கையே எழுதியிருக்க மாட்டேன்.”

ஓட்டெடுப்பு. கண்காணிக்கலாம் என்று ஆறு கை. ஆறில் ஒன்று, கூட்டம் தொடங்கியதுமே கண்ணை மூடிவிடும் தியானம் சாரின் கை. பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் இடித்ததும் தூக்கினார். எதிர்த்தது பாலம்மா மட்டும். “என் எதிர்ப்பையும் அந்த அறிக்கையையும் மினிட்ஸ்ல சேருங்க” என்று என்னிடம் சொல்லிவிட்டு, ஆறிப்போன டீயைக் குடித்தார்.

மார்ச் 13, வெள்ளி

தலைவர்: “எதிர்ப்புன்னெல்லாம் எழுதாதீங்கம்மா. ‘ஆலோசனை வழங்கினார்’னு போடுங்க. நாம எல்லாம் ஒரே குடும்பம்.”

குடும்பமாம். குடும்பத்துக்காரன் எவனாவது பழைய பிரேக் லிஃப்டுல ஏறுறானா? எல்லாருக்கும் தரைத்தள பங்களா. பத்தொன்பது வருஷமா இவங்க சொன்ன பொய்க்கெல்லாம் நான்தான் இலக்கணம் திருத்திக் கொடுத்திருக்கேன். கமா போட்டிருக்கேன். அசிங்கமா இருக்கு.

மார்ச் 16, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதினேன். யார் கேட்டது, யார் பதில் சொன்னது, கை தூக்கிய ஆறு பேரின் பெயர், அறிக்கையின் பதினொரு பக்கம். ஏழு பேருக்கும் அனுப்பிவிட்டேன். இந்த முறை கை தவறவில்லை.

மார்ச் 18, புதன்

அற்புதம். மினிட்ஸைப் படிக்கிறார்கள்.

எந்தக் கோப்பிலும் பாதிப் பக்கம் தாண்டாத இயக்குநர் ஒருவர், முன்னாள் வங்கி அதிகாரி, காலையிலேயே கூப்பிட்டார். “நான் கை தூக்கினது ஆதரவுக்கு இல்லம்மா. ஒரு சந்தேகம் கேக்கலாம்னு.”

“என்ன சந்தேகம் சார்?”

“அதை நீங்களே பாத்துப் போட்டுக்குங்க.”

மதியம் தியானம் சார். “நான் அன்னைக்குத் தூங்கிட்டேன்னு எழுத முடியுமா? தூங்கினவன் போட்ட ஓட்டு செல்லாதுல்ல?”

இவருக்காகவா இத்தனை வருடம் ‘ஆழ்ந்து கேட்டறிந்தார்’ என்று எழுதினேன்.

விபத்து நடந்தால் ஆறு பெயரும் நீதிமன்றத்தில் வாசிக்கப்படும் என்று வக்கீல் யாரோ சொல்லியிருக்க வேண்டும். மனசாட்சி சில பேருக்கு வக்கீல் வழியாகத்தான் வரும்.

மார்ச் 20, வெள்ளி

அவசரக் கூட்டம். பத்து நிமிடம். எல்லா பிரேக்குகளையும் மாற்றத் தலைவரே முன்மொழிந்தார். ஏகமனதாக நிறைவேறியது. தலைவரின் தொலைநோக்கை இயக்குநர்கள் பாராட்டினார்கள். பாலம்மா பாராட்டவில்லை. அதையும் எழுதினேன்.

மார்ச் 27, வெள்ளி

எனக்குப் பதவி உயர்வு. ‘ஆவணப் பாதுகாப்பின் முதன்மை ஆலோசகர்.’ அறை அடித்தளத்தில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில். உயர்த்தி எங்கே வைக்கிறார்கள் பாருங்கள். மினிட்ஸ் எழுத வேறொருவர் வந்துவிட்டார். அடுத்த கூட்டம் ஏப்ரல் இருபதாம் தேதி. இன்றே எழுத ஆரம்பித்துவிட்டாராம்.

ஏப்ரல் 9, வியாழன்

அக்கா போனில் கத்தினாள். “மூணு நாளா லிஃப்ட நிறுத்தி வச்சிருக்கானுங்க. உங்க அத்தான் வீட்டுக்குள்ளயே கிடக்கார். உன் பேச்சைக் கேட்டு வீடு வாங்கினேன் பாரு, என்னைச் சொல்லணும்.”

காய்கறி, பால், மாத்திரை எல்லாம் வாங்கிக்கொண்டு போனேன். கீழே மெக்கானிக் கழற்றிப்போட்ட பழைய பிரேக் கட்டைகள் கிடந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். தேய்ந்து தேய்ந்து அப்பளத்தைவிடக் கொஞ்சம்தான் கனம். பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஏழு மாடி ஏறினேன். நாலாவதில் ஒரு தடவை, ஆறாவதில் ஒரு தடவை நின்றேன்.

கட்டையை மேஜைமேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேனா என்ன? அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அத்தான் தன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது உனக்கு எப்பத் தெரியும்?”

“மார்ச் மூணு.”

மனதுக்குள் எண்ணினாள். வாரத்துக்கு இரண்டு நாள். போக, வர.

“அதான் அன்னைக்கு மழையில வெயில்னு உளறினியா?”

ஆமாம் என்றேன். தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நான் கிளம்பும்போது கட்டையை என் பைக்குள் திரும்பப் போட்டு, கதவைத் திறந்துவிட்டாள்.