வைஷுவின் நான்கு நொடி

ஜூலை 8, திங்கள்
மழை. ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட பத்துக் கணினிகள் பள்ளிக்கு வந்திருக்கின்றன. எல்லாம் இரண்டு கோர், அதாவது இரண்டு மூளை உள்ளவை என்று தேஜஸ் சாருக்குப் பெருமை. பழைய கணக்கு விளையாட்டை அவற்றில் ஏற்றியிருக்கிறார். இருபது கணக்கு, முடித்ததும் எத்தனை நொடி ஆனது என்று திரையே காட்டும். நாளை முதலில் வருபவர் நாசிக்கில் நடக்கும் கணக்குப் போட்டிக்குப் போகலாம். என் தோழி வைஷுதான் போவாள், அவள் அவ்வளவு வேகம். திரையில் வரும் நேரத்தைக் குறித்துக்கொள்ளும் வேலை எனக்கு.

ஜூலை 9, செவ்வாய்
வைஷுவின் திரையில் நான்கு நொடி என்று வந்தது. வகுப்பே சிரித்தது. நீ பக்கத்தில்தானே இருந்தாய், ஏதாவது பார்த்தாயா என்று சார் என்னைக் கேட்டார். பார்த்தேன். நடுவில் அவள் மௌஸைத் திரை ஓரத்துக் கடிகாரத்துக்குக் கொண்டுபோனாள். அதை எல்லோருக்கும் கேட்கும்படி மராத்தியில் சொன்னேன். கடிகாரத்தை மாற்றினாள் என்றும் சேர்த்துச் சொன்னேன் - அது நான் பார்த்ததில்லை. ஏன் சொன்னேன்?

சார் அவள் பெயரை அடித்துவிட்டார்.

வகுப்பில் நானும் வைஷுவும் மட்டும்தான் தமிழ். ரகசியமெல்லாம் தமிழில்தான். வெளியே வந்ததும் மெதுவாகச் சொன்னாள்: "மணி பாத்தேன்டி, டிஃபனுக்கு எவ்ளோ நேரம் இருக்குன்னு. எங்கிட்ட தமிழ்ல ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

ஜூலை 10
டிஃபனுக்கு வைஷு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். பையன்கள் அவளை ராக்கெட் என்கிறார்கள்.

ஜூலை 11, வியாழன்
நாசிக் போட்டிக்கு, இரண்டாவதாக வந்த கீர்த்தி போகிறாள். இடைவேளையில் வைஷுவின் கணினியில் நானே ஆடிப் பார்த்தேன். மைனஸ் ஏழு நொடி! ஆரம்பிப்பதற்கு முன்பே முடித்துவிட்டேனாம். நான் எதையும் தொடவே இல்லை.

வீட்டில் தேடித் தேடிப் படித்தேன். அந்தக் காலக் கணினிகளில் ஒவ்வொரு கோரும் தனியாக நேரம் எண்ணுமாம். இரண்டும் ஒத்துப்போகாதாம். விளையாட்டு ஒரு கோரில் ஆரம்ப நேரத்தை வாங்கிக்கொண்டு, இன்னொன்றுக்குத் தாவி முடிந்த நேரத்தை வாங்கினால் என்ன வரும்? நான்கும் வரும், மைனஸ் ஏழும் வரும். அதை எழுதியவர் ஒரே கோர்தான் இருக்கும் என்று நம்பி எழுதியிருக்கிறார்.

அவள் ஒன்றுமே செய்யவில்லை. ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன்.

ஜூலை 12, வெள்ளி
விளையாட்டை ஒரே கோரில் மட்டும் ஓடும்படி கட்டிப்போட்டேன். பத்து தடவையும் என் கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போனது. அவிழ்த்துவிட்டேன், மூன்றாவது தடவையே ஐந்து நொடி. சார் நின்று பார்த்தார். கீர்த்தி பெயர் அனுப்பியாகிவிட்டது, அடுத்த வருடம் பார்ப்போம் என்றார். வகுப்பில் அவர் சொல்லவில்லை. நானே எழுந்து மராத்தியில் சொன்னேன், வைஷு மேல் தப்பில்லை, நான் பொய் சொன்னேன் என்று. பாதிப் பேர் பை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 15
நாசிக்கில் கீர்த்தி மூன்றாவதாம். வைஷுவுக்கு உண்மையில் எத்தனை நொடி ஆனது? அது இனி யாருக்கும் தெரியாது.

ஜூலை 16, செவ்வாய்
பஸ்ஸில் வைஷு ஜன்னலோரம். பக்கத்து சீட்டில் அவள் பை.

"உக்காரட்டுமாடி?"

"யஹாங் கோயி ஆ ரஹா ஹை."

யாரோ வருகிறார்களாம். என்னிடம் இந்தி.

என் ஸ்டாப் விஷ்ராந்த்வாடி வரை நின்றுகொண்டே வந்தேன். யாரும் வரவில்லை.