நிழலின் மறுமுனை

கோவில்பட்டி
13.2.1979

விளாத்திகுளத்துக் கணக்கு டீச்சரம்மாவுக்கு,

உன் கடிதம் வந்தது. நாலு பக்கத்தில் மூன்று பக்கம் உங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்த சுந்தரபாண்டி சாரின் புகழ். சைன், காஸ் மனப்பாடமே வேண்டாமாம். கம்பின் நிழலையும் மரத்தின் நிழலையும் அளந்தாலே பிள்ளைகளுக்குத் திரிகோணமிதி புரிந்துவிடுமாம். வேப்பமரத்தை அளந்தே காட்டினீர்களாம்.

மேகம் மூடினால் என்ன செய்வாராம்? கரிசல்காட்டில் மேகம் ஏது என்று இருவரும் சிரிப்பீர்கள்.

நேற்று என் வகுப்பிலும் கொடிக்கம்பத்தை அப்படி அளந்தோம். வருஷம் முழுக்க வாய் திறக்காத வெயிலம்மாள், "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா சார்?" என்றாள். சரி, நல்ல முறைதான். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நிழலை அளக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. டேப்பின் ஒரு முனையில் நான், மறுமுனையில் பியூன்.

அங்கே, அவருக்கு மறுமுனையைப் பிடித்தது யார்?

இப்படிக்கு,
உன் கணவன்