தொட்டிக்கு நடுவில் ஒரு கண்ணாடி

13 ஜூன் 1937, ஞாயிறு

சாரல் தொடங்கி மூன்று நாள். துணி ஒன்றும் காயவில்லை. குழந்தைக்கு மூக்கு ஒழுகுகிறது. நெற்றியை நாலு தடவை தொட்டுப் பார்த்திருப்பேன். "தொட்டுத் தொட்டே காய்ச்சல வரவழைச்சிருவா போலுக்கே காலேஜுக்காரி" என்றாள் மதினி.

இவர் பள்ளியில் சயன்ஸ் எடுக்கிறவர். மாணவர்களுக்குக் காட்டவென்று தகரச் சட்டத்தில் கண்ணாடி பதித்து, தண்ணீர் கசியாமலிருக்க மக்கு வைத்து அடைத்து, மீன்தொட்டி ஒன்று செய்து முடித்துவிட்டார். பள்ளிப் பியூன் சிவசைலம் கொல்லம் ரயிலில் போய் ஒரு சோடி மீன் கொண்டுவந்தார். பள்ளத்தி என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்களாம். மஞ்சள் உடம்பில் கறுப்புப் பொட்டு. வந்த ஒரு மணி நேரத்தில் மூலைக் கல்லைத் தங்களுடையதாக்கிக்கொண்டன. முன்பே விட்டிருந்த கெண்டை எதுவும் அந்தப் பக்கம் போக முடியவில்லை.

20 ஜூன்

பிள்ளை இன்றும் என்னை "அக்கா" என்றுதான் கூப்பிட்டாள்.

இரண்டு வயதுக்கு மேலாகிறது. உலகம்மாள் என்று பேர் வைத்தோம், வீட்டில் தவிட்டம்மா. முதல் பிள்ளை பதினேழாம் நாள் போய்விட்டான். அதனால் இவள் பிறந்ததும் சுளகில் கிடத்தி, மதினி ஒரு படி தவிடு கொடுத்து வாங்கிக்கொண்டாள். விற்றுவிட்ட பிள்ளையை எமன் இந்த வீட்டில் தேடமாட்டானாம். மதினி அம்மா, நான் அக்கா. தவளையை அறுத்து இருதயம் துடிப்பதைப் பார்த்தவள் நான். உள்ளுக்குள் சிரித்துக்கொண்டுதான் சம்மதித்தேன். சும்மா ஒரு சடங்குதானே என்று.

மதினிக்கு அது சடங்கு இல்லை. பத்தொன்பது வயதில் தாலியை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தவள். இவரோடு கூடப் பிறந்த மூத்தவள். குருவம்மாள் என்றால் இந்தத் தெருவே பயப்படும். பிள்ளை அவள் பக்கத்தில்தான் தூங்குகிறாள்.

1 ஜூலை

கல்லில் ஒட்டியிருந்த முட்டைகள் பொரிந்து குஞ்சுகள் நீந்துகின்றன. முப்பத்தொன்று எண்ணினேன். தாயின் உடம்பை மொய்த்துக் கொத்துகின்றன. அதன் மேல்தோலில் ஊறும் வழுவழுப்புதான் அவற்றுக்கு ஆகாரம். தாய் அசையாமல் நிற்கிறது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் பருப்பு தீய்ந்துவிட்டது.

4 ஜூலை, ஞாயிறு

இரண்டு செய்தி.

சிவசைலம் இன்னொரு பள்ளத்தி கொண்டுவந்தார். பெரியது, வயதானது, துடுப்பு ஒரு பக்கம் கிழிந்தது. விட்ட மாத்திரத்தில் சோடி இரண்டும் பாய்ந்தன. செதில் பறந்தது. கெண்டைகளை வாளிக்கு மாற்றிவிட்டு, இவர் தொட்டிக்கு நடுவில் ஒரு கண்ணாடியைச் சொருகித் தடுத்தார். இந்தப் பக்கம் குடும்பம், அந்தப் பக்கம் ஒற்றை.

அடுத்தது: ஆகஸ்டிலிருந்து இவருக்குச் சுரண்டைக்கு மாற்றல். அங்கே கிடைத்திருப்பது இரண்டு அறை வீடு. மதினி வருவதா, இந்த வீட்டிலேயே இருப்பதா?

இவருக்கு எதையும் தானாக முடிவு செய்ய வராது. சிரித்துக்கொண்டே சொன்னார்: "நீதான விலங்கியல் படிச்சவ. மூணும் ஒரே தொட்டியில சேருமான்னு பாத்துச் சொல்லு. மீனே சேந்துட்டா மனுசங்க இருக்க மாட்டாகளா?"

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

7 ஜூலை

ஒற்றை மீன் நாள் முழுக்கக் கண்ணாடியை ஒட்டி, குஞ்சுகளைப் பார்த்தபடி நிற்கிறது. தின்னவா? தெரியவில்லை. ஆண்மீன் அந்தப் பக்கம் திரும்பித் துடுப்பை விரித்தபடியே இருக்கிறது. சோறு தண்ணீர் கிடையாது அதற்கு.

11 ஜூலை, ஞாயிறு

காலையில் எழுந்தால் பிள்ளையைக் காணோம். மதினியையும் காணோம். கிணற்றடி, கோயில் வாசல், சிவசைலம் வீடு — தேடாத இடமில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு வண்டியில் வந்து இறங்குகிறார்கள். ஐந்தருவிக்குப் போய்க் குளித்துவிட்டு! பிள்ளை தலை நனைந்து, உதடு நீலம் பாரித்து, ஒரே சிரிப்பு.

"சொல்லிட்டுப் போகக் கூடாதா மதினி? சளி பிடிச்ச பிள்ளை!"

"என் பிள்ளையக் கூட்டிட்டுப் போக ஒங்கிட்டச் சீட்டு வாங்கணுமா? நான் தவிட்டுக்கு வேங்குனவ."

"அது சும்மா சாத்திரத்துக்கு—"

"சாத்திரத்துக்குன்னா அந்தத் தவிட்டத் திருப்பிக் குடுத்துட்டு உன் பிள்ளையத் தூக்கிட்டுப் போ."

இவர் அறைக்குள் போய்ப் பேப்பரை விரித்துக்கொண்டார்.

14 ஜூலை, புதன்

இதை எங்கேயாவது எழுதி வைக்கத்தான் வேண்டும்.

காலையில் தொட்டியில் பாசி கழுவலாம் என்று கல்லையெல்லாம் வெளியே எடுத்தேன். தடுப்புக் கண்ணாடியையும் உருவித் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்போது பிள்ளை வாசல்படியில் விழுந்து அலறினாள்; ஓடினேன். நெற்றி வீங்கியிருந்தது. மஞ்சள் பற்றுப் போட்டு, சமாதானப்படுத்தி, தொட்டி ஞாபகம் வந்தபோது பிற்பகல் மூன்று மணி.

மூன்று மீனும் ஒரே தண்ணீரில். சண்டை இல்லை. கல் இல்லாததால் இது என் மூலை என்று சொல்ல யாருக்கும் மூலை இல்லை. அதுதான் காரணமாக இருக்கவேண்டும். ஒற்றை மீன் ஒதுங்கி நின்றது. நாலைந்து குஞ்சுகள் வழி தப்பி அதனிடம் போயின. அது வாயைத் திறக்கவில்லை. குஞ்சுகள் அதன் உடம்பையும் கொத்தின. அதுவும் அசையாமல் நின்று கொடுத்தது. எண்ணினேன். முப்பத்தொன்று.

பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு கண்ணாடியைச் சொருகிவிட்டு, கற்களைப் பழைய இடத்திலேயே வைத்தேன்.

சாயந்திரம் இவர் கேட்டார்: "என்ன சொல்லுது தொட்டி?"

"சேராது" என்றேன். "தடுப்ப எடுத்துப் பாத்தேன். குஞ்சக் கடிக்க வந்தது."

"அப்படியா" என்றார். நான் காலேஜில் மாதம் முப்பது நாளும் தப்பாமல் ஆய்வுக் குறிப்பு எழுதி மார்க் வாங்கியவள். கண்ணால் கண்டதை மாற்றிச் சொன்னது இதுதான் முதல் தடவை.

15 ஜூலை

மதினி இங்கேயே இருப்பதென்று முடிவாகிவிட்டது.

31 ஜூலை

வண்டி வாசலில் நின்றது. சாமான் ஏற்றியாயிற்று. தொட்டியைக் கொண்டுபோனால் வழியில் உடையும் என்று மதினியிடமே விட்டோம். பிள்ளை மதினியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? உள்ளே போய், மாட்டுக்கு வைத்திருந்த தவிட்டில் ஒரு படி அளந்து, ஒரு துணியில் கொட்டி, மதினி காலடியில் வைத்தேன்.

"தவிடு" என்றேன்.

மதினி அதையே பார்த்தாள். கழுத்திலிருந்த கைகளை ஒவ்வொரு விரலாகப் பிரித்து, பிள்ளையை என்னிடம் கொடுத்தாள். "நெஞ்சுச் சளிக்கு ஓமத்தண்ணி குடு" என்று மட்டும் சொன்னாள்.

நானா செய்தேன் அதை?

3 ஆகஸ்ட். சுரண்டை

பிள்ளை சாப்பிடமாட்டேன் என்கிறாள். வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள். எந்த பஸ் வந்தாலும், "அம்மா வருதா" என்கிறாள்.

நான்தான் அம்மா என்று சொல்லிப் பார்த்தேன். "நீ அக்கா" என்று திருத்தினாள்.

6 ஆகஸ்ட்

காய்ச்சல். நூற்றிரண்டு.

8 ஆகஸ்ட்

டாக்டர் வந்தார். மலேரியா இல்லை, டைபாய்டும் இல்லை, பார்க்கலாம் என்றார். எத்தனை நாள் பார்க்கலாம்? பாலும் தங்கவில்லை. கை வேப்பங்குச்சி மாதிரி ஆகிவிட்டது.

தவிட்டைத் திருப்பிக் கொடுத்தேன். எமனுக்கு வீட்டைக் காட்டிக் கொடுத்தவள் நானேதான். இல்லை, அதெல்லாம் இல்லை, மூடநம்பிக்கை. சரி, மூடநம்பிக்கைதான். அப்படியென்றால் ஏன் மணிக்கொரு தடவை அவள் மூச்சைக் காது வைத்துக் கேட்கிறேன்? அவனுக்கும் இப்படித்தானே, பதினேழாம் நாள், இப்படித்தானே பால் இறங்காமல்... கடவுளே, இவளை விட்டுரு.

9 ஆகஸ்ட்

இவரிடம் சொன்னேன்: "மதினிய வரச் சொல்லுங்க."

"சேராதுன்னியே?"

"பிள்ளை சாப்பிடலியே" என்றேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவர் உடனே தந்தி கொடுக்கப் போனார்.

10 ஆகஸ்ட், செவ்வாய்

மதினி காலை பஸ்ஸில் வந்தாள். ஒரு மூட்டை, ஒரு மாற்றுச் சேலை, ஓமத்தண்ணீர் புட்டி. அவ்வளவுதான். கால்கூடக் கழுவாமல் பிள்ளையிடம் போனாள்.

"ஏ தவிட்டம்மா. ஏட்டி. இங்கன பாரு, யாரு வந்திருக்கான்னு."

பிள்ளை கண்ணைத் திறந்தாள். கையைத் தூக்கக்கூடப் பலமில்லை. மதினி நாலு பருக்கை கஞ்சியை விரலால் மசித்து ஊட்டினாள். இறங்கியது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இவர் பேச்சுக்காகக் கேட்டார்: "மீனெல்லாம் எப்படியிருக்கு அக்கா?"

"சிவசைலத்தப் பாத்துக்கிடச் சொல்லிருக்கேன். அந்தக் கண்ணாடிய நீங்க போன அன்னைக்கே உருவிட்டேன் தம்பி. கல்லயும் எடுத்துட்டேன், கழுவ எடஞ்சலா இருந்துச்சு. மூணும் ஒண்ணாத்தான் திரியுதுக. ஒரு குஞ்சு கொறையல."

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டார்.

மதினி மூட்டையை அவிழ்த்தாள். உள்ளே அதே துணி, நான் கட்டிக்கொடுத்த அதே தவிடு. சிந்தாமல் கொண்டுவந்திருக்கிறாள்.

"முந்திய விரி" என்றாள். குரலில் அதட்டல் இல்லை. அவளுக்கும் பயம் என்று அப்போதுதான் தெரிந்தது.

விரித்தேன். ஒரு படி தவிடும் என் முந்தியில் விழுந்தது.

17 ஆகஸ்ட்

காய்ச்சல் விட்டு மூன்று நாள். இன்று எழுந்து நடந்தாள். இவர் என்னிடம் தேவைக்குத்தான் பேசுகிறார். பள்ளி, காய்கறி, மருந்து. தொட்டியைப் பற்றி இனிக் கேட்கமாட்டார்.

சாயந்திரம் பிள்ளை மதினி மடியில் இருந்துகொண்டு, "அக்கா, தண்ணி" என்றாள்.

"இந்தா வாரேன்" என்று எடுத்துக்கொண்டு போனேன்.