கடலில் விட்ட தாள்

காஜா பெராங், மலாக்கா
14-3-1958

அன்பு மகள் சாரதாம்பாளுக்கு அம்மா எழுதுவது. லண்டன் குளிரில் நீ சுகமாயிருக்க மாரியம்மன் துணை. இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பேனா நகரவில்லை.

உன் தங்கை அஞ்சலைக்கும் வந்துவிட்டதம்மா. தைப்பூசத்துக்கு மறுநாள் மாவு சலித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள், போய்ச் சேர்ந்த உன் தம்பி நல்லையாவுக்கு வந்த அதே கைகால் இழுப்பு. இதுவரை நாலு தடவை, மாத்திரைக்கு அடங்கவில்லை. முகமெல்லாம் மாவோடு எழுந்து, ஏன் எல்லாரும் என்னையே பாக்குறீங்க, நான் என்ன கல்யாணப் பொண்ணா என்றாள். என் வாய்தான் அவளுக்கும். கூடச் சிரித்துவிட்டுக் குசினிக்குள் போய் அடுப்படியில் அழுதேன்.

நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் ஊர் ஊராக வலிப்புக்காரர்களின் மூளை ஓட்டத்தை மெஷின் கோடாக வரைந்த தாள்களைச் சேர்த்து, பெயரை எடுத்துவிட்டு, எந்த டாக்டர் கேட்டாலும் பார்க்கக் கொடுக்கிறார்கள், ஒருவர் கண்ணுக்குத் தப்பினது இன்னொருவர் கண்ணில் படும், தம்பி தாளையும் அனுப்பு என்று எழுதியிருந்தாய். இங்குள்ள டாக்டரும் அவள் அண்ணன் தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஏதாவது வழி தெரியும் என்கிறார். தாள் இல்லை சாரதா. கருமாதியன்று கிளேபாங் கடலில் அவன் ஜாதகத்தைக் கிழித்து விட்டபோது அதையும் நான்தான் கிழித்துப் போட்டேன். செத்தவன் பேரில் உள்ளது வீட்டில் இருந்தால் மிச்சப் பிள்ளைகளுக்கு ஆகாது என்று பயந்தேன். வேணாம் புள்ள, இத எடுத்த சிங்கப்பூர் டாக்டரு பத்திரமா வைக்கச் சொன்னாரு என்று உன் அப்பா கையைப் பிடித்தார். பத்து கெஜம் தாளு, இடுப்புல கட்டிக்கப் போறீங்களா என்று அந்த நேரத்திலும் கேலி பேசினேன். சிங்கப்பூருக்கு எழுதிக் கேட்டோம், உங்களிடம் கொடுத்ததுதான், வேறு இல்லை என்றார்கள். அப்பா அந்தப் பதிலை மடித்து வைத்துவிட்டு எனக்குத் தேநீர் கலந்து கொண்டுவந்தார். திட்டியிருந்தால் தேவலை.

அஞ்சலைக்கு எடுத்த தாளைத் தனிக் கட்டாக அனுப்பியிருக்கிறேன். எத்தனை பேர் பார்க்க முடியுமோ அத்தனை பேரிடமும் காட்டு. எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனாலும் காட்டு. கம்பளி போடாமல் வெளியே போகாதே, அங்கேயும் ஒரு நோயாளி எனக்கு வேண்டாம். தீர்க்காயுசாய் இரு.

தாளில் பேர் கூடாது என்றாய், போடவில்லை. ஓரத்தில் பென்சிலால், இவள் அண்ணனுக்கும் இருந்தது என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அதை யாரும் அழிக்காமல் பார்த்துக்கொள்.

உன் அம்மா
சிவகாமசுந்தரி மாணிக்கவாசகம்