வளையல் மாற்றிய கை

ஆனி மாதம், வியாழன் இரவு.

தோல் மண்டிக்காரர் வீட்டு மருமகளுக்கு ஏழாம் மாசம். காய்ச்சல் என்று முனிசிபாலிடி மருத்துவச்சியான என்னைக் கூப்பிட்டார்கள். போனால் முகமெல்லாம் அம்மை போட்டிருக்கிறது. கையில் அம்மை குத்திய தழும்பே இல்லை.

“முனிசிபாலிடி ஆள் வந்து குத்தலையா?” என்றேன்.

வேலைக்காரப் பெண் தன் இரண்டு கையையும் காட்டினாள். இரண்டிலும் தழும்பு. “வந்தாரும்மா. திரைக்குள்ளேயே இருக்கிற கோஷாவாச்சே, வெளி ஆம்பளைக்குக் கையைக்கூடக் காட்டமாட்டாங்க. இந்த வீட்டு ரெண்டு மருமகளுக்கும் பதிலா நான்தான் திரைக்கு வெளியே கையை நீட்டினேன். வளையலை மட்டும் மாத்திப் போட்டாங்க.”

போன வருஷம்வரை கோஷா வீடுகளுக்குள் போய்க் குத்தியது நான்தான். அந்த ஆளுக்குக் கொடுக்கிற சம்பளத்தில் பாதிதான் எனக்கு. ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் கேட்டேன். “பொம்பளைக்கு இதுவே ஜாஸ்தி” என்று சொல்லி, குத்துகிற வேலையை மொத்தமாக அவருக்கே கொடுத்துவிட்டார் சேர்மன். எனக்குப் பிரசவம் மட்டும். கேட்டது தப்பா? இப்போதும் கேட்பேன்.

கிளம்பும்போது மருமகள் படுத்தபடியே கையை நீட்டினாள். “உங்களுக்குன்னா காட்டுவேன்க்கா. இப்பக் குத்துங்க.”

அம்மை வந்த பிறகு குத்தி என்ன ஆகப்போகிறது? அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே நின்றேன். கொதித்தது.